கிழக்கு முதலில்

"நகராதீங்கப்பா" என்று என் மகள் சொன்னாளே, அந்த நொடியில் அவள் மனதில் இருந்தது என்ன?

இதை அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் அப்பாவிடமும் கேட்டேன். லால்குடியில் இருக்கும் என் அக்காவிடமும் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எதுவும் என் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் எனக்காவது புரியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் ஷார்ஜாவில், ஏசி பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நானும் நாலாம் வகுப்பு படிக்கும் மகளும் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன அடுக்ககத்தில் இருக்கிறோம். நான் கணக்கில் எம்.எஸ்சி. முடித்து, மகள் பிறக்கும்வரை ஒரு பள்ளியில் பாடம் எடுத்தவள். எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். அவர் வேலையிலிருந்து கிளம்பும்போதும், அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் தான் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் வரைபடமாக அனுப்பிவிட வேண்டும். இது நான் போட்ட சட்டம். "கம்பெனில ஒரு அட்டெண்டன்ஸ், வீட்டுல ஒரு அட்டெண்டன்ஸ்" என்று கிண்டல் செய்வார். ஆனால் தவறாமல் அனுப்புவார். அந்தப் பக்கத்து நாடுகளில் ஏதாவது பதற்றம் என்று செய்தி வந்தால் நான் டிவியை அணைத்துவிட்டு, அவர் கடைசியாக அனுப்பிய அந்தச் சிவப்புப் புள்ளியை எடுத்துப் பார்ப்பேன். புள்ளி அங்கேயே இருந்தால் அவரும் நன்றாக இருக்கிறார் என்று ஒரு நம்பிக்கை. அது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும்.

போன முறை விடுப்பில் வந்தபோது அவருடைய பெட்டியில் பால் பவுடர், தைலம், சாக்லேட் இவற்றுக்கு நடுவே, எனக்காக வாங்கிய புதுப் போர்வைக்குள் சுற்றி ஒரு ஜாய்ஸ்டிக் வந்தது. கல்லூரிக் காலத்திலிருந்தே அவருக்குக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பைத்தியம் உண்டு. சாதாரணப் பயணிகள் விமானம் இல்லை. நிஜப் போர் விமானத்தில் எத்தனை பொத்தான் இருக்கிறதோ அத்தனையும் இருக்கும் சிமுலேட்டர். அதை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மகளுக்கும் ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்.

"பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குங்க? அதுவும் குண்டு போடுற ப்ளேன்?" என்றேன்.

"பாலைவனத்துல ஆளில்லாத பழைய லாரிங்க நிக்கும். அது மேலதான் போடுவோம். நீ வேணா பக்கத்துல உக்காந்து பாரேன்."

உட்கார்ந்து பார்த்தேன். அது இரண்டு சீட் விமானம். அவர் ஷார்ஜாவில் தன் லேப்டாப்பில் முன் சீட்டில் இருந்து ஓட்டுவார். இவள் ஸ்ரீரங்கத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து, எங்கே போக வேண்டும் என்று விமானத்துக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு விடுமுறை. அன்று மட்டும் எங்கள் வீட்டில் ஒரு விமானம் கிளம்பும்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மகள் பேச ஆரம்பித்தாள்.

போனில் அவள் அப்பாவிடம் பேசுவது மூன்று வார்த்தைதான். "ம்." "சாப்ட்டேன்." "அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். அவர் முகம் அந்தச் சின்னத் திரையில் வாடுவது எனக்குத் தெரியும். ஆனால் விமானம் கிளம்பி லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை வேறு வேலை கிடையாது. கீழே மணல், மேலே வானம். அந்த நேரத்தில் இவள் கொட்டுவாள். "அப்பா, எங்க மிஸ்ஸு இன்னிக்கு அழுதாங்க." "அப்பா, எனக்குக் கடைசிப் பல்லு ஆடுது, அம்மாகிட்ட சொல்லாதீங்க." பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதே அவளுக்கு மறந்துவிடும். என் மகளைப் பற்றிப் பல சேதிகளை நான் தெரிந்துகொண்டது அந்தப் பின் சீட்டிலிருந்துதான். அதனால் எதிர்ப்பதை விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். எண் வாசிக்கும் வேலை.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரைபடம் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு பெரிய சதுரத்துக்கும் இரண்டு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். அதற்குள் ஓர் இடத்தைச் சொல்ல ஒரு வரிசை எண். அந்த எண்ணில் பாதி, சதுரத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே எவ்வளவு போக வேண்டும் என்பது. மீதிப் பாதி, அங்கிருந்து வடக்கே எவ்வளவு என்பது. எண் நீள நீள, இடம் சுருங்கிக்கொண்டே வரும். நாலு எண் சொன்னால் ஒரு பேட்டை. பத்து எண் சொன்னால் ஒரு ஆள் நிற்கும் இடம். இதைப் புரிந்துகொண்டபோது எனக்குள் இருந்த கணக்கு டீச்சருக்கு எவ்வளவு சந்தோஷம்! எந்தப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அவர் எண்ணைச் செய்தியாக என் போனுக்கு அனுப்புவார். நான் வாசிப்பேன். அவள் விமானத்தின் எண் பலகையில் அடிப்பாள். அடித்ததைத் திருப்பிச் சொல்வாள். நான் "சரி" என்ற பிறகுதான் விமானம் திரும்பும். அவர் அங்கிருந்து, "அம்மா ஓகே சொல்லியாச்சா? அப்ப கண்ணை மூடிக்கிட்டுப் போலாம்" என்பார். எனக்கு வெட்கமாகக்கூட இருக்கும்.

ஆனால் மகள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்தாள். எண்ணின் பின்பாதியை முதலில் அடித்துவிடுவாள். வடக்கு முதலில், கிழக்கு பிறகு. விமானம் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துக்குப் போய் நிற்கும். ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் சித்திரை வீதியில் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டேன்.

"தென்மேற்கு மூலையில நிக்கற. கீழச்சித்திரை வீதி வடக்குக் கோடியில உன் ஃப்ரெண்டு வீடு. எப்படிப் போவ?"

"மேலச்சித்திரை வீதில நேரா வடக்கப் போயி, அப்புறம் கிழக்கத் திரும்புவேன்."

"ஏன், தெற்கு வீதில கிழக்கப் போயிட்டு அப்புறம் வடக்கத் திரும்பினா வராதா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது அப்பிரதட்சிணம்மா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த ஊரில் பிறந்த குழந்தை. கோயிலை நடுவில் வைத்து, வலமாகவே சுற்றிச் சுற்றி வளர்ந்த கால்கள். தேரும் அப்படித்தான் போகிறது, வீதி சுற்றும் மாமிகளும் அப்படித்தான் போகிறார்கள். தென்மேற்கு மூலையில் நிறுத்தினால் அவள் வடக்கேதான் கிளம்புவாள். விமானத்தின் கணக்கோ இடமாகச் சுற்றும் கணக்கு.

"ப்ளேனுக்கு மட்டும் அப்பிரதட்சிணம். கிழக்கு முதல்ல. சொல்லு பாப்போம்" என்றேன்.

"கிழக்கு முதல்ல" என்றாள். அன்றிலிருந்து எண் வாசிக்கும் முன் நான் அதைச் சொல்வதும் அவள் திருப்பிச் சொல்வதும் வழக்கமானது. ஷார்ஜாவிலிருந்து அவரும் சேர்ந்துகொள்வார். மூன்று பேரும் ஒரே குரலில் "கிழக்கு முதல்ல" என்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள்தான் கேட்டாள். "அப்பா, இந்த மேப்புல உங்க ஊரும் இருக்குல்ல? உங்க ரூமுக்கு மேல பறக்கலாமா?"

"அட, ஆமா! ஷார்ஜா இருக்கே. எனக்கே தோணல பாரு" என்றார் அவர். "ஆனா என் ரூம் எங்கன்னு சதுரத்துல கண்டுபிடிக்கணுமே."

"நான் கண்டுபிடிக்கறேன்" என்றேன். முந்திக்கொண்டு சொன்னேன். என் போனில் அவர் அறைக்குத் திரும்பியதும் அனுப்பிய இடம் இருந்தது. அதைச் சதுர எண்ணாக மாற்றித் தரும் ஒரு ஆப்பை மகளுக்காக முன்பே இறக்கி வைத்திருந்தேன். தினமும் நான் எதைப் பார்த்து மூச்சு விட்டேனோ, அந்தச் சிவப்புப் புள்ளி ஒரு தட்டில் பத்து எண்ணாக மாறியது.

அவர் உற்சாகத்தில் எழுந்துவிட்டார். "இரு, இரு. நான் நிஜமாவே மொட்டை மாடிக்குப் போறேன். பாப்பா மேலேர்ந்து பாக்கும்போது நான் கீழேர்ந்து கை காட்டறேன்." விமானத்தைத் தானாகவே வட்டமடிக்க விட்டுவிட்டு, போனில் வீடியோ காலைப் போட்டுக்கொண்டு படியேறினார். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அவர்கள் ஊரில் ஓடும் வேறொரு ஆப் உண்டு. அறையில் இருந்த நண்பர்கள் சிரிப்பது கேட்டது. "எங்கண்ணே, வெயில்ல?" என்று ஒருவர். "எம் பொண்ணு ப்ளேன்ல வருதுப்பா" என்று இவர்.

எங்கள் மேஜையில் இப்போது இரண்டு படங்கள். கம்ப்யூட்டரை ஒட்டி, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த என் போனில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர். கம்ப்யூட்டர் திரையில், விமானத்தின் வயிற்றில் இருக்கும் காமிராவின் படம். அந்தக் காமிரா நிறம் காட்டாது. சூட்டைத்தான் காட்டும். சூடானதெல்லாம் வெள்ளை, குளிர்ந்ததெல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு கூட்டல் குறி.

"கிழக்கு முதல்ல" என்றேன்.

"கிழக்கு முதல்ல" என்றாள்.

எண்ணை வாசித்தேன். அடித்தாள். காமிரா திரும்பியது. திரை முழுக்க ஒரே கறுப்பு. சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஓடும் கறுப்பு.

"ஐய, கடலு" என்றாள்.

"வடக்கை முதல்ல போட்டுட்டேடி. எத்தனை தடவை சொல்றது?"

"வாயில கிழக்குன்னுதாம்மா சொன்னேன். கைதான்…"

மொட்டை மாடியிலிருந்து அவர், "என்னம்மா, கடல்ல போட்டுட்டீங்களா என்னை?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எம்.எஸ்சி. படித்தவள் தவறை விட்டுவிடுவேனா? அவள் தோளுக்கு மேல் எட்டி, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுக் காட்டி அடிக்க வைத்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். நான் "சரி" என்றேன்.

காமிரா கடலை விட்டு எழுந்து, கரையைத் தாண்டி, கட்டிடங்களுக்கு மேல் ஓடி, ஒரு கூரையில் வந்து நின்றது. மதிய வெயிலில் காய்ந்த கூரை. சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு சதுரம். அதன் நடுவில் கூட்டல் குறி.

அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்தியில் காட்டுவார்கள். சத்தமே இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டிடம், நடுவில் ஒரு குறி, கொஞ்ச நேரத்தில் ஒரு புகை. அது யாருடைய கூரை என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. டிவியை அணைத்துவிட்டு என் சிவப்புப் புள்ளியைத் தேடிப் போய்விடுவேன். இப்போது என் புள்ளிதான் அந்தக் குறிக்குக் கீழே இருந்தது. கொண்டுபோய் வைத்தது நான். கடலில் பத்திரமாக இருந்ததை, தப்பு, தப்பு என்று சொல்லி எடுத்து வந்து வைத்தேன்.

"வந்துடுச்சா? தெரியறேனா?" போனில் அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். யாருமே இல்லாத வானத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தண்ணீர்த் தொட்டியும் காய்கிற துணிகளும்.

"அப்பா தெரியறாராடி?" என்று கேட்டேன்.

"கேம்ல எப்படிம்மா அப்பா தெரிவாங்க?" என்றாள். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது விளையாட்டு என்று தெரியும். நிழலையும் நிஜத்தையும் குழப்பிக்கொள்ளும் வயதில்லை.

அப்போதுதான் திரையின் கீழ் ஓரத்தில் அந்தச் சின்ன எண்களைப் பார்த்தேன். ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. பாலைவனத்து லாரிகளின்போது பல முறை பார்த்திருக்கிறேன். அந்த எண் சைபருக்கு வரும்போது குண்டை விட்டால் சரியாகக் குறியில் விழும். யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை, இவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ஒரு போர் விமானத்திடம் ஓர் இடத்தைக் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு செய்ய அதற்கு வேறெதுவும் தெரியாது. வட்டமடித்துத் திரும்பி வரும்போது அது தன் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டது. மகள் பார்க்க வேண்டும் என்று கேட்ட இடம். அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த இடம். விமானத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

போனில் அவர், சூடு தாங்காமலோ என்னவோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்ந்தார்.

"நகராதீங்கப்பா" என்றாள் மகள்.

அதட்டவில்லை. கத்தவில்லை. போட்டோ எடுக்கிறவர் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அவள் கண் போனில் இருந்ததா, கம்ப்யூட்டரில் இருந்ததா? நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவளுடைய இரட்டைப் பின்னலின் நடு வகிடு மட்டும்தான்.

அவர் நின்றுவிட்டார். சொன்னபடி கேட்டு, வெயிலில், கையைத் தூக்கியபடி அசையாமல் நின்றார்.

சுவரில் இருந்த கம்ப்யூட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

திரை கறுத்தது. ஹெட்செட்டைக் கழற்றாமலே அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். போனில் அவர் இன்னமும் கையை இறக்கவில்லை. "என்னாச்சு? தெரிஞ்சுதா?"

"கரண்ட்டு போயிடுச்சுங்க" என்றேன்.

"ஃபேன் சுத்துதே" என்றார் அவர்.

"அம்மா பொய் சொல்றாங்கப்பா. அம்மாதான் அணைச்சாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அவரிடம் என்னால் விளக்க முடியவில்லை. எண்கள் குறைந்துகொண்டு வந்தன என்றேன். "அது லாக் பண்ணினா தானா ஓடும்டி. யாராவது பொத்தானை அமுக்கினாத்தான் விழும்" என்றார். உங்கள் கூரை என்றேன். "அது என் கூரையே இல்ல. அந்த மேப்புல எல்லா பில்டிங்கும் ஒரே அச்சு. என் பில்டிங்குக்கு அஞ்சு மாடி, அதுல மூணோ நாலோ இருக்கும்" என்றார். நகராதீங்க என்று சொன்னாளே என்றேன்.

"நெட்டு ஸ்லோவா இருந்துச்சுல்ல. நான் அசைஞ்சா படம் உடையும். அதுக்குச் சொல்லியிருப்பா" என்றார்.

இருக்கலாம். வீடியோ காலில் அவர் அசைந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைவது உண்மைதான்.

மகளிடம் அன்று மாலையே கேட்டேன். தோசைக்கு நடுவில், பெரிதாக ஒன்றும் இல்லாத மாதிரி. "ஏன்டி அப்பாவை நகராதீங்கன்னு சொன்ன?"

"சும்மா."

"சும்மான்னா?"

"நகர்ந்தா நடுவுலேர்ந்து போயிடுவாங்கல்ல" என்றாள். எதன் நடுவிலிருந்து என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனின் நடுவிலிருந்தா, அந்தக் குறியின் நடுவிலிருந்தா? கேமில்தான் அப்பா தெரியமாட்டார் என்று அவளே சொன்னாளே. பிறகு எதன் நடு? தோசையைத் திருப்பிப் போட்டேன். கருகிவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். லால்குடியில் கட்டிக் கொடுத்த என் கூடப் பிறந்த அக்கா. எதையும் சிரிப்பாக்கிவிடுவாள்.

"கணக்குல எம்.எஸ்சி. படிச்சு, பெத்த பொண்ணுக்குக் குண்டு போட ட்யூஷன் எடுத்திருக்க. வேற யாரு வீட்டுல நடக்கும் இது? பாட்டு கிளாஸ்ல சேருன்னேன், கேட்டியா?"

"அக்கா, சிரிக்காத. எனக்கு நிஜமாவே பயமா இருக்கு."

"சரி, சரி. அந்தப் பொட்டியத் தூக்கிப் பரண்ல போடு. மறந்துடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு வேறு குரலில் சொன்னாள். "ஆனா ஒண்ணு. அந்த வேகாத வெயில்ல மாடியேறி நின்னாரு பாரு, பொண்ணுக்குக் கை காட்ட. எங்க வீட்டு மனுஷன் நான் பஸ்ஸேறும்போது வாசல் வரைக்கும்கூட வரமாட்டாரு."

பரணில் போடவில்லை. ஆனால் அதன் பிறகு ஸ்விட்சையும் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் போனில்தான் கூப்பிடுகிறார். "ம்" என்கிறாள். "சாப்ட்டேன்" என்கிறாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது. அதை அவரிடம் நான்தான் சொன்னேன்.

"அவ என்கிட்ட பேசின ஒரே இடம் அது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

வேறு விளையாட்டு விளையாடுங்கள் என்றேன். சாதாரண விமானம் ஓட்டுகிற விளையாட்டாம், அதை அவர் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு இவளையும் கூப்பிட்டார். "அதுல பின்னாடி சீட்ல எனக்கு என்ன வேலை?" என்று இவள் கேட்டுவிட்டாளாம். அதுவும் சரிதான். பயணிகள் விமானத்தில் அவள் வெறும் பயணி. இதில்தான் அவள் எண்ணை அடிக்காவிட்டால் அப்பாவால் எங்கும் போக முடியாது.

போன வாரம் பல் டாக்டரைப் பார்க்கத் திருச்சிக்குள் மன்னார்புரம் போயிருந்தோம். திரும்புவதற்குப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானம் ஒன்று தாழப் போனது. வளைகுடாவிலிருந்து வருவதாக இருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒன்று வரும். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் கை காட்டிக் குதிப்பாள்.

"அம்மா, மேலேர்ந்து பாத்தா நாம தெரிவமா?"

"இவ்வளவு உயரத்துலேர்ந்து எப்படித் தெரிவோம்?"

"தெரிவோம். வெள்ளையா தெரிவோம். சூடா இருக்கறவங்கல்லாம் வெள்ளையா தெரிவாங்க."

பிறகு கை காட்டவில்லை. குதிக்கவில்லை. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அசையாமல் நின்றாள். எங்களைச் சுற்றி ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "பாப்பா, ஏறும்மா, சத்திரம், ஸ்ரீரங்கம்" என்று கத்தினார். விமானம் கட்டிடங்களுக்குப் பின்னால் மறையும்வரை அவள் நகரவே இல்லை.

பயந்து நின்றாளா? மேலே இருக்கிறவர் தன்னைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று நின்றாளா? அப்பாவிடம் சொன்னதும் இதுதானா? அன்பாகத்தான் சொன்னாள் என்று பஸ்ஸில் ஏறும்போது தோன்றியது. காவிரிப் பாலம் வந்தபோது அந்தக் குறைந்துகொண்டு வந்த எண்கள் நினைவுக்கு வந்தன. பக்கத்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும் சூடுதான்.

அவர் இப்போதும் தினமும் இடத்தை அனுப்புகிறார். அந்தப் புள்ளியை முன்போல் திறந்து பார்க்க என்னால் முடியவில்லை. வந்துவிட்டது என்ற சத்தத்தோடு சரி. திறந்தால் அதைச் சுற்றிச் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

நேற்று மகள் என்னிடம் வந்து, "இந்த ஞாயித்துக்கிழமையாவது போடுவியாம்மா? இனிமே நான் தப்பா அடிக்க மாட்டேன். கிழக்கு முதல்ல, கிழக்கு முதல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். தப்பாக அடித்ததற்காகத்தான் அம்மா அணைத்தாள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது, சரியாக அடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை என்று?

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரத்தான் போகிறது. இதைப் படிக்கிறவர்களில் சிலருடைய வீட்டு அப்பாக்களும் தூரத்தில் இருக்கலாம். குழந்தை வாய் திறந்து பேச உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரே ஒரு வழிதான் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடம் கேட்கிறேன். அந்த ஸ்விட்சை நான் போடலாமா? போட்டால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துக் கொடுப்பதா, எழுந்து சமையலறைக்குப் போய்விடுவதா? போடாவிட்டால், அவளை அவள் அப்பாவிடம் பேசவைக்க வேறு எந்த வழி? உங்களுக்குத் தெரிந்ததைத் தயவுசெய்து எழுதுங்கள்.